புதிதாக மேலாளர் ஆனவருக்கு: ஆட்களை வைத்து வேலை நடத்த ஒரு முழுமையான வழிகாட்டி

நேற்றுவரை பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து உங்களோடு சேர்ந்து மேனேஜரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தவர்கள், இன்று நீங்கள் உள்ளே வந்ததும் பேச்சை நிறுத்துகிறார்கள். பதவி உயர்வு வந்த வாரத்தில் கிட்டத்தட்ட எல்லோருக்கும் நடப்பதுதான் இது. பலர் இதை ஒரு மனவருத்தமாக நினைத்துக் கடந்துவிடுகிறார்கள். ஆனால் உங்கள் புது வேலையின் பெரிய சிக்கலே அந்த மௌனத்தில்தான் இருக்கிறது. இனிமேல் உங்கள் காதுக்கு எதுவும் வடிகட்டித்தான் வரும்.

நான் முதன்முதலில் ஆறு பேருக்குப் பொறுப்பேற்றபோது இது எனக்குப் புரியவில்லை. குழுவில் ஒருவர் போட்ட கணக்கில் ஒரு தவறு நேர்ந்துவிட்டது. மூன்றாவது நாளே அவருக்கு அது தெரிந்துவிட்டது. எனக்குத் தெரிந்தது மூன்று வாரம் கழித்து, வாடிக்கையாளர் கூப்பிட்டுச் சத்தம் போட்டபோது. "ஏன் அன்னைக்கே சொல்லல?" என்று கேட்டேன். அவர் தலையைக் குனிந்துகொண்டே, "போன தடவை இன்னொருத்தர் வந்து சொன்னப்ப நீங்க பேசினதை நாங்க எல்லாரும் பார்த்தோம் சார்" என்றார். அந்தப் 'போன தடவை' எனக்கு நினைவிலேயே இல்லை. அவர்களுக்கு வார்த்தை வார்த்தையாக நினைவிருந்தது.

அன்றிலிருந்து ஒரு மேலாளரை அளக்க நான் வைத்திருப்பது ஒரே அளவுகோல்: கெட்ட செய்தி அவரிடம் எத்தனை நாளில் வந்து சேர்கிறது? கீழே வரும் படிகள் வேலைப் பங்கீடு, தனிச் சந்திப்பு, ஒப்படைப்பு, திருத்தம், நியாயம் என்று பலவற்றைத் தொட்டாலும், எல்லாம் அந்த நாட்களைக் குறைப்பதற்காகத்தான்.

படி 1: பழைய வேலையை விடுங்கள்

நன்றாக வேலை செய்தவர் என்பதால்தான் உங்களை மேலாளர் ஆக்கினார்கள். அதே திறமைதான் இப்போது காலை வாரும். குழுவில் ஒருவர் தடுமாறினால் "கொண்டா, நானே முடிச்சுடறேன்" என்று வாங்கிவிடத் தோன்றும். அன்றைய வேலை முடியும். ஆனால் அவர் கற்றுக்கொள்ளவில்லை, நீங்கள் செய்ய வேண்டிய வேலையும் நடக்கவில்லை.

பிரான்சில் சுரங்கப் பொறியாளராகத் தொடங்கி, அதே நிறுவனத்தை 30 ஆண்டுகள் தலைமையேற்று நடத்தியவர் ஹென்றி ஃபயோல். 1916-இல் அவர் நிர்வாகத்தை ஐந்து செயல்களாகப் பிரித்தார்: முன்கூட்டித் திட்டமிடுவது, ஆட்களையும் பொருளையும் அமைப்பது, பணிப்பது, ஒருங்கிணைப்பது, சரிபார்ப்பது. மேலே போகப்போகத் தொழில் திறமையின் பங்கு குறைந்து நிர்வாகத் திறமையின் பங்கு கூடும் என்பதும், அது தனியாகக் கற்றுக்கொள்ள வேண்டிய ஒன்று என்பதும் அவர் அழுத்திச் சொன்னவை. நூறு ஆண்டுகளுக்குப் பிறகும் பல நிறுவனங்கள் இதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வெள்ளிக்கிழமை வரை வேலை செய்தவரைத் திங்கட்கிழமை மேலாளர் ஆக்கிவிட்டு, எல்லாம் தானாக வந்துவிடும் என்று விட்டுவிடுகிறார்கள்.

எனவே முதல் வாரத்திலேயே ஒரு தாளை எடுத்து, நீங்கள் இதுவரை செய்துவந்த வேலைகளை வரிசையாக எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே, அதை யாரிடம், எந்தத் தேதிக்குள் கொடுப்பீர்கள் என்று குறியுங்கள். தேதி போடாவிட்டால் எதுவும் உங்கள் கையை விட்டுப் போகாது.

நேற்றுவரை நண்பராக இருந்தவரிடமும் ஒருமுறை வெளிப்படையாகப் பேசிவிடுங்கள். "நம்ம நட்பு அப்படியேதான் இருக்கு. ஆனா இனிமே சில விஷயத்தை என்னால உங்ககிட்ட முன்கூட்டியே சொல்ல முடியாது, உங்களுக்குன்னு தனிச் சலுகையும் தர முடியாது" என்று சொல்வது சங்கடமாகத்தான் இருக்கும். சொல்லாமல் விட்டால் அந்தச் சங்கடம் ஆறு மாதம் கழித்துச் சண்டையாக வரும்.

படி 2: முதல் மாதம் மாற்றாதீர்கள், கேளுங்கள்

வந்ததும் எதையாவது மாற்றிக் காட்ட வேண்டும் என்ற துடிப்பு இருக்கும். அவசரமாக நிறுத்த வேண்டியது ஏதாவது இருந்தால் தவிர, ஒரு மாதம் பொறுங்கள். நமக்கு அர்த்தமில்லாததாகத் தெரியும் பல நடைமுறைகளுக்குப் பின்னால் யாரோ ஒருமுறை பட்ட அடி இருக்கும்.

அமெரிக்காவில் சிகாகோவுக்கு அருகே, வெஸ்டர்ன் எலக்ட்ரிக் நிறுவனத்தின் ஹாத்தார்ன் தொழிற்சாலையில் 1924 முதல் 1932 வரை பல ஆய்வுகள் நடந்தன. விளக்கு வெளிச்சத்தைக் கூட்டிக் குறைத்து, உற்பத்தி மாறுகிறதா என்று பார்த்த சோதனையைத்தான் எல்லோரும் சொல்வார்கள். அதன் முடிவுகளைப் பற்றி இன்றும் வாதம் ஓய்ந்தபாடில்லை. எனக்கு முக்கியமாகப் படுவது அங்கே அதிகம் பேசப்படாத இன்னொரு பகுதி. 1928-இல் தொடங்கி 20,000-க்கும் மேற்பட்ட தொழிலாளர்களைத் தனித்தனியாகச் சந்தித்துப் பேசினார்கள். முதலில் கேள்விப் பட்டியலோடு போனார்கள். தொழிலாளர்களோ பட்டியலில் இல்லாததைத்தான் பேச விரும்பினார்கள். கடைசியில் பட்டியலை ஓரமாக வைத்துவிட்டு, அவர்கள் போக்கில் பேசவிட்டுக் கேட்டார்கள். சந்திப்பின் நேரம் நீண்டது, வந்த செய்தியின் ஆழமும் கூடியது.

நீங்களும் ஒவ்வொருவரோடும் முக்கால் மணி நேரம் உட்காருங்கள். நான் கேட்பவை நான்கே கேள்விகள். இங்கே எது நன்றாக நடக்கிறது, அதில் நான் கைவைக்கக் கூடாது? உங்கள் வேலையில் தேவையில்லாமல் நேரம் போவது எங்கே? என்னிடமிருந்து உங்களுக்கு என்ன வேண்டும்? இங்கே எல்லோருக்கும் தெரிந்த, ஆனால் யாரும் பேசாத விஷயம் எது? நான்காவது கேள்விக்கு முதல் முறை அனேகமாகப் பதில் வராது. பரவாயில்லை. அந்தக் கேள்வியை நீங்கள் கேட்பீர்கள் என்பது தெரிந்தாலே போதும்.

கேட்டதைக் குறித்துவைத்து, அதில் சின்னதாக ஒன்றை இரண்டு வாரத்துக்குள் சரிசெய்து காட்டுங்கள். பழுதான பிரிண்டராக இருக்கலாம், ஒரே தகவலை இரண்டு படிவத்தில் நிரப்பச் சொல்லும் வழக்கமாக இருக்கலாம். சொன்னால் நடக்கிறது என்ற நம்பிக்கை அதில்தான் முளைக்கும். நடக்க முடியாததை "இது நடக்காது, காரணம் இது" என்று சொல்லிவிடுங்கள். "பார்க்கலாம்" என்று இழுத்தடிப்பதுதான் நம்பிக்கையை அரிக்கிறது.

படி 3: யார், என்ன, எப்போது, எதுவரை

"எங்கள் டீமில் பொறுப்புணர்ச்சி இல்லை" என்று புலம்புகிற மேலாளர்களிடம் நான் ஒரு சோதனையைச் செய்துபார்க்கச் சொல்வேன். இந்த மாதம் உங்கள் குழு முடிக்க வேண்டிய மிக முக்கியமான மூன்று வேலைகள் எவை என்று ஒவ்வொருவரையும் தனியாக எழுதித் தரச் சொல்லுங்கள். நீங்களும் எழுதுங்கள். பிறகு தாள்களை அருகருகே வைத்துப் பாருங்கள். பெரும்பாலும் ஆளுக்கொரு பட்டியல் வரும். அங்கே பொறுப்புணர்ச்சியில் குறையில்லை. எதற்குப் பொறுப்பு என்பதே தெளிவில்லை.

ஒரு வேலைக்கு ஒரே ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். உதவிக்குப் பத்துப் பேர் இருக்கலாம், பதில் சொல்பவர் ஒருவராக இருக்கட்டும். மேக்ஸ் ரிங்கல்மன் என்ற பிரெஞ்சு வேளாண் பொறியாளர் ஆட்களைக் கயிறு இழுக்கவைத்து விசையை அளந்தார். முடிவுகள் 1913-இல் வெளிவந்தன. ஆட்கள் கூடக்கூட மொத்த விசை கூடியது, ஆனால் ஆளுக்கு இத்தனை என்று கணக்கிட்டால் குறைந்துகொண்டே போனது. சேர்ந்து இழுக்கும்போது தாளம் தப்புவது ஒரு காரணம். நம் பங்கு தனியாகத் தெரியாதபோது கை தானாகத் தளர்வது இன்னொரு காரணம். ஊர்கூடித் தேர் இழுக்கும் வேலையிலும் வடத்தில் யாருக்கு எந்த இடம் என்பது தெரிந்திருக்க வேண்டும்.

அடுத்தது, 'முடிந்தது' என்றால் என்ன என்பது. "அந்த ரிப்போர்ட்டை முடிச்சுடுங்க" என்றால் ஒருவர் வரைவை அனுப்புவார், இன்னொருவர் அச்சிட்டுக் கையெழுத்து வாங்கிவைத்திருப்பார். யாருக்காக அந்த ரிப்போர்ட், அதைப் படித்துவிட்டு அவர் என்ன முடிவெடுக்க வேண்டும், எத்தனை பக்கம், எந்த நாள் எத்தனை மணிக்கு என்று ஒரு நிமிடம் கூடுதலாகப் பேசினால் இரண்டு நாள் மிச்சமாகும். பேசி முடித்ததும் "புரிஞ்சுதா?" என்று கேட்காதீர்கள், யாரும் 'இல்லை' என்று சொல்லப்போவதில்லை. "முதல்ல எதுல ஆரம்பிக்கப் போறீங்க?" என்று கேளுங்கள். பதிலில் தெரிந்துவிடும்.

டார்கெட் வைப்பதில் மட்டும் இரட்டிப்புக் கவனம் தேவை. "உங்களால் முடிந்ததைச் செய்யுங்கள்" என்பதைவிடக் குறிப்பான, கொஞ்சம் கடினமான இலக்கு நல்ல பலன் தரும் என்பதை உளவியலாளர்கள் எட்வின் லாக், கேரி லேதம் இருவரும் பல ஆண்டு ஆய்வுகளில் காட்டியிருக்கிறார்கள். அதே இலக்கு மக்களைப் பொய் சொல்லவும் வைக்கும். அமெரிக்காவின் வெல்ஸ் ஃபார்கோ வங்கியில் ஒரு வாடிக்கையாளருக்கு இத்தனை கணக்கு விற்க வேண்டும் என்று ஊழியர்களை நெருக்கினார்கள். வாடிக்கையாளருக்கே தெரியாமல் லட்சக்கணக்கில் கணக்குகள் திறக்கப்பட்டன. 2016-இல் வங்கிக்கு 18.5 கோடி டாலர் அபராதம் விதிக்கப்பட்டது. அதற்குள் சுமார் 5,300 பேர் வேலையை இழந்திருந்தார்கள். அத்தனை பேரும் பிறவி மோசடிக்காரர்கள் என்று என்னால் நம்ப முடியவில்லை. 'முடியாது' என்று மேலே சொல்ல வழியில்லாத இடத்தில் எண்கள் மட்டும் மேலே போயின.

இலக்கு வைக்கும்போதே, "இதை எட்ட யாராவது குறுக்குவழியில் போக நினைத்தால் எந்த வழியில் போவார்?" என்று உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். அந்த வழியை அடைக்கும் இரண்டாவது அளவு ஒன்றையும் சேர்த்து வையுங்கள். வேகத்தை அளந்தால் கூடவே திருப்பி வந்த வேலையையும் அளக்க வேண்டும்.

படி 4: வாரம் அரை மணி நேரம், தனித்தனியாக

இந்த வழிகாட்டியில் ஒன்றே ஒன்றைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். உங்களுக்கு நேரடியாகப் பதில் சொல்லும் ஒவ்வொருவரோடும் வாரம் ஒருமுறை, அல்லது இரண்டு வாரத்துக்கு ஒருமுறையாவது, அரை மணி நேரத் தனிச் சந்திப்பு.

அந்த நேரம் அவருடையது. வேலை எங்கே நிற்கிறது என்ற நிலவரத்தை எழுத்தில் வாங்கிக்கொள்ளலாம், அதற்காக இந்த அரை மணியைச் செலவழிக்காதீர்கள். அவர் என்ன பேச வந்திருக்கிறாரோ அதைப் பேசவிடுங்கள். முதல் பத்து நிமிடம் "எல்லாம் நல்லாத்தான் போகுது" என்று ஓடும். அமைதியாக இருங்கள். கிளம்புகிற நேரத்தில், கதவுப் பக்கம் போனபிறகு, "ஒரு விஷயம் சார்…" என்று திரும்புவார்கள். அதற்குத்தான் அந்த அரை மணி நேரம். எனவே அடுத்த மீட்டிங்கை ஒட்டினாற்போல் வைக்காதீர்கள்.

சந்திப்பை ரத்து செய்வதில் ஒரு செய்தி இருக்கிறது. வேலை அதிகமான வாரத்தில் முதலில் விழும் வெட்டு இதற்குத்தான். ஆனால் அந்த வாரத்தில்தான் சிக்கல்கள் அதிகம் இருக்கும். நாளை மாற்றுங்கள், கைவிடாதீர்கள்.

எத்தனை பேரை ஒருவர் இப்படிக் கவனிக்க முடியும்? 1933-இல் கிரைக்யூனாஸ் என்ற ஆலோசகர் ஒரு கணக்குப் போட்டார். மேலாளருக்கும் ஒவ்வொருவருக்கும் உள்ள உறவு, அவர்களுக்குள் உள்ள உறவு, சேர்ந்து வரும்போது உண்டாகும் உறவு எல்லாவற்றையும் கூட்டினால் நான்கு பேருக்கு 44, ஐந்து பேருக்கு 100, ஆறு பேருக்கு 222 என்று வருகிறது. எல்லா உறவும் ஒரே நாளில் உயிர்பெறுவதில்லை, ஆகவே இதைச் சட்டமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். ஒரே மாதிரி வேலை செய்யும் குழுவில் பதினைந்து பேரைக்கூடச் சமாளிக்கலாம். ஆனால் ஏற்கெனவே ஒன்பது பேர் இருக்கும்போது "இன்னும் ரெண்டு பேர்தானே" என்று மேலிடம் சொன்னால், தலையாட்டும் முன் யோசியுங்கள்.

படி 5: ஒப்படைப்பது என்றால் தள்ளிவிடுவது அல்ல

அமெரிக்க நிர்வாகவியல் பேராசிரியர் டக்ளஸ் மெக்ரிகர் 1960-இல் மேலாளர்களின் மனதில் இருக்கும் இரண்டு நம்பிக்கைகளைப் பெயரிட்டுப் பிரித்தார். மனிதன் இயல்பிலேயே வேலைக்குச் சோம்பல்படுவான், விரட்டினால்தான் செய்வான் என்பது 'எக்ஸ்'. சூழல் சரியாக இருந்தால் மனிதன் பொறுப்பைத் தானே தேடி ஏற்பான் என்பது 'ஒய்'. நீங்கள் எதை நம்புகிறீர்களோ அதற்கேற்றபடி நடந்துகொள்வீர்கள். நீங்கள் நடந்துகொள்ளும் விதத்துக்கேற்றபடி அவர்களும் மாறிவிடுவார்கள் என்பதுதான் இதில் உறைக்கும் இடம். ஒவ்வொரு மின்னஞ்சலையும் தன் கண்ணில் பட்ட பிறகே அனுப்ப வேண்டும் என்று சொல்லும் மேலாளரின் கீழ், ஒரு வருடத்தில் யாரும் மின்னஞ்சலைக் கவனமாக எழுதுவதில்லை. எப்படியும் அவர் திருத்துவாரே!

1939-இல் உளவியலாளர்கள் கர்ட் லெவின், ரொனால்ட் லிப்பிட், ரால்ஃப் வைட் மூவரும் சிறுவர் குழுக்களை வைத்து ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். கட்டளையிடும் தலைவர், கலந்துபேசி நடத்தும் தலைவர், எதிலும் தலையிடாத தலைவர் என்று மூன்று விதம். கட்டளையிடும் தலைவர் அறையை விட்டு வெளியே போனதும் சிறுவர்களின் வேலை சட்டென்று சரிந்தது. கலந்துபேசும் தலைவர் போனபோது பெரிய மாற்றம் இல்லை. தலையிடாத தலைவரின் குழு எதிலும் முன்னுக்கு வரவில்லை. அவர்களை நம்பி விட்டுவிட்டேன் என்று சொல்லிக்கொண்டு ஒதுங்கி நிற்பவர்கள் இந்தக் கடைசி வரியை மறக்கக் கூடாது.

எவ்வளவு சுதந்திரம் தருவது என்பதை ஆளுக்கும் வேலைக்கும் தகுந்தபடி, அந்தந்த வேலையைக் கொடுக்கும்போதே வாய்விட்டுச் சொல்லிவிடுங்கள். "நிலைமையை மட்டும் பார்த்துச் சொல்லுங்க, முடிவை நான் எடுக்கறேன்." "என்ன செய்யலாம்னு யோசிச்சிட்டு வாங்க, சேர்ந்து முடிவு பண்ணலாம்." "முடிவு பண்ணிட்டு, செய்யறதுக்கு முன்னாடி ஒரு வார்த்தை சொல்லுங்க." "செஞ்சுட்டுச் சொன்னாப் போதும்." இந்த நான்கில் எது என்பதை இருவரும் வேறுவேறாக நினைத்துக்கொள்வதால் வரும் மனக்கசப்பு கொஞ்சநஞ்சம் அல்ல. பத்து வருட அனுபவசாலியாக இருந்தாலும், வேலை அவருக்குப் புதிது என்றால் இந்த நான்கில் முதலாவதிலிருந்து தொடங்குவதில் தவறில்லை. காரணத்தைச் சொல்லிவிடுங்கள், அவருக்கு அவமானமாகத் தோன்றாது.

பொறுப்பைக் கொடுத்தால் அதிகாரத்தையும் கொடுங்கள். பொருள் வாங்கும் பொறுப்பு ஒருவருடையது, ஆனால் ஒவ்வொரு ரசீதிலும் கையெழுத்து உங்களுடையது என்றால் அவர் வெறும் தூதர்தான். தவறு நடந்தால் வெளியாருக்கு முன்னால் அது உங்கள் தவறு. உள்ளே வந்து கதவைச் சாத்திக்கொண்டு அவரோடு பேசலாம்.

படி 6: பாராட்டும் திருத்தமும்

கருத்துச் சொன்னாலே ஆள் திருந்திவிடுவார் என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. ஆய்வாளர்கள் அவ்ரஹாம் க்ளூகர், ஏஞ்சலோ டெனிசி இருவரும் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டி 1996-இல் ஒரு தொகுப்பாய்வு வெளியிட்டார்கள். சராசரியாகப் பார்த்தால் பின்னூட்டம் வேலைத்திறனைக் கூட்டியது. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேலான நேர்வுகளில் குறைத்துவிட்டது! பேச்சு வேலையை விட்டு ஆளின் மேல் தாவும்போதுதான் அது தீங்காகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம்.

"நீங்க பொறுப்பே இல்லாம இருக்கீங்க" என்பது ஆளைப் பற்றியது. கேட்பவர் உடனே தன்னைக் காத்துக்கொள்ளத் தொடங்குவார். அதையே இப்படிச் சொல்லிப் பாருங்கள்: "திங்கள், புதன் ரெண்டு நாளும் பட்டியல் பதினோரு மணிக்குத்தான் வந்துச்சு. பத்து மணிக்கு வராததால அடுத்த பிரிவுல நாலு பேர் வேலையில்லாம காத்திருந்தாங்க. என்ன நடந்துச்சு?" நடந்தது, அதன் விளைவு, பிறகு ஒரு கேள்வி. கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ளுங்கள். பாதி நேரம் உங்களுக்குத் தெரியாத ஒரு காரணம் வெளியே வரும்.

திருத்தம் தனியாக, நடந்த ஓரிரு நாளுக்குள். ஆறு மாதம் சேர்த்துவைத்து அப்ரைசல் அன்று மூட்டையாக அவிழ்ப்பது கொடுமை. அப்ரைசல் அறையில் யாருக்கும் புதிய செய்தி இருக்கக் கூடாது.

பாராட்டிலும் இதே விதிதான். "சூப்பர், அருமை" என்பது காற்றில் போய்விடும். "அந்த வாடிக்கையாளர் கோபமா பேசினப்ப, நீங்க முதல்ல அவர் சொன்னதைத் திருப்பிச் சொன்னீங்க பாருங்க, அதுலதான் அவர் இறங்கி வந்தார்" என்றால் அவர் அதை வருடக்கணக்கில் வைத்திருப்பார், மீண்டும் செய்வார். பாராட்டையும் கண்டிப்பையும் ஒன்றுக்குள் ஒன்று வைத்துத் தராதீர்கள். இரண்டும் கெடும், அடுத்த முறை பாராட்டும்போது பின்னால் என்ன வருகிறதோ என்று பயப்படுவார்கள்.

படி 7: கெட்ட செய்திக்கு வழிவிடுங்கள்

1990-களில் ஏமி எட்மண்ட்சன் என்ற ஆய்வாளர் மருத்துவமனைக் குழுக்களில் மருந்து தருவதில் நேரும் தவறுகளை ஆராய்ந்தார். நன்றாக இயங்கும் குழுக்களில் தவறு குறைவாக இருக்கும் என்று எதிர்பார்த்தார். கணக்கில் நேர்மாறாக வந்தது. நல்ல குழுக்களில்தான் அதிகத் தவறுகள் பதிவாகியிருந்தன. பிறகுதான் விளங்கியது: அங்கே தவறு நடந்தால் பேசினார்கள், மற்ற இடங்களில் மறைத்தார்கள். தவறே வராத குழு உங்களிடம் இருக்கிறது என்றால், பெருமைப்படுவதற்கு முன்னால் கொஞ்சம் கவலைப்படுங்கள்.

டொயோட்டா தொழிற்சாலையில் உற்பத்தி வரிசைக்கு மேலே ஒரு கயிறு ஓடும். சிக்கலைப் பார்த்த எந்தத் தொழிலாளியும் அதை இழுக்கலாம். விளக்கு எரியும், குழுத் தலைவர் ஓடிவருவார். குறிப்பிட்ட இடத்துக்குள் சரியாகாவிட்டால் வரிசையே நிற்கும். என்னை ஈர்ப்பது அந்தத் தலைவரின் ஓட்டம்தான். கயிறு இழுத்தவரை முறைத்துக்கொண்டு வந்தால் மறுநாள் அந்தக் கயிற்றில் தூசிதான் படியும்.

இந்த வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு 1986 ஜனவரி 28 சாட்சி. சேலஞ்சர் விண்ணோடம் புறப்பட்ட 73 நொடிகளில் சிதறி ஏழு பேரும் இறந்தார்கள். அதற்கு முந்தைய இரவு, உந்துகலனைத் தயாரித்த மார்ட்டன் தயோகோல் நிறுவனத்தின் பொறியாளர்கள், குளிரில் ரப்பர் வளையங்கள் அதன் இணைப்புகளைச் சரியாக மூடாது, ஏவ வேண்டாம் என்று தொலைபேசிக் கூட்டத்தில் வாதாடினார்கள். இடையில் அந்த நிறுவனத்தின் உயரதிகாரி ஒருவர், பொறியியல் துறைத் தலைவரைப் பார்த்து, பொறியாளர் தொப்பியைக் கழற்றிவிட்டு நிர்வாகத் தொப்பியைப் போட்டுக்கொள்ளும்படி சொன்னார். நிறுவனத்தின் பரிந்துரை மாறியது. எச்சரிக்கை இல்லாமல் போகவில்லை. அதைக் கேட்கும் காது மேலே இல்லாமல் போனது. எனக்கு இதைப் படிக்கும்போதெல்லாம் அந்த இரவில் அமைதியாகிப்போன பொறியாளர்களின் முகம்தான் மனதில் வருகிறது.

உங்கள் அளவில் செய்யக்கூடியவை எளிமையானவை. கெட்ட செய்தியோடு ஒருவர் வந்தால் உங்கள் வாயிலிருந்து வரும் முதல் வாக்கியத்தை இப்போதே முடிவுசெய்து வைத்துக்கொள்ளுங்கள். என்னுடையது, "இப்பவே சொன்னது நல்லதாப் போச்சு. முதல்ல என்ன செய்யணும்?" யார் செய்தது என்ற கேள்வி அன்று வேண்டாம். உங்கள் தவறை மீட்டிங்கில் நீங்களே முதலில் சொல்லுங்கள். முடிவெடுக்கும் கூட்டத்தில் உங்கள் கருத்தைக் கடைசியில் வையுங்கள், மேலாளர் பேசிய பிறகு மற்றவர்கள் அதற்கு ஒத்து ஊதத்தான் செய்வார்கள். எல்லோரும் ஒத்துக்கொண்டால், "இது மூணு மாசத்துல தோத்துப்போனா எதனால தோத்திருக்கும்?" என்று ஒரு சுற்று கேளுங்கள். கடைசியாக, உங்களை மறுத்துப் பேசியவரை அந்த வாரம் எப்படி நடத்துகிறீர்கள் என்பதை எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்பார்கள் என்பதை மறக்காதீர்கள்.

படி 8: ஒருவர் வேலை சரியில்லாதபோது

ஆளைக் குறைசொல்லும் முன் நான்கு கேள்விகள், இதே வரிசையில். என்ன எதிர்பார்க்கிறோம் என்பது அவருக்குத் தெரியுமா? செய்யத் தெரியுமா? செய்யவிடாமல் ஏதாவது தடுக்கிறதா? செய்ய மனம் இருக்கிறதா? நாம் எடுத்த எடுப்பில் நான்காவதற்குப் போய்விடுகிறோம். என் அனுபவத்தில் பெரும்பாலான சிக்கல்கள் முதல் மூன்றிலேயே அவிழ்ந்துவிட்டன, அந்த மூன்றும் மேலாளரின் கையில் இருப்பவை. நன்றாக வேலை செய்தவர் திடீரென்று சரிந்தால் வீட்டில் ஏதாவது நடந்திருக்கலாம். தோண்டிக் கேட்க வேண்டாம். "கொஞ்ச நாளா நீங்க வழக்கம்போல இல்லை, என்னால ஏதாவது செய்ய முடியுமா?" என்பது போதும்.

நான்கும் பார்த்தாகிவிட்டது, மாற்றம் இல்லை என்றால் தள்ளிப்போடாதீர்கள். எது மாற வேண்டும், எந்தத் தேதிக்குள், என்ன உதவி கிடைக்கும், மாறாவிட்டால் என்ன ஆகும் என்பதை எழுத்தில் கொடுங்கள். வாராவாரம் பாருங்கள். உங்கள் நிறுவன விதியையும் தொழிலாளர் சட்டத்தையும் தெரிந்த ஹெச்.ஆர். ஒருவரை முதல் நாளிலிருந்தே உடன் வைத்துக்கொள்ளுங்கள். பிரிய நேர்ந்தால் சுற்றி வளைக்காமல், சுருக்கமாக, மரியாதையோடு, நேரில். மின்னஞ்சலில் யாரையும் அனுப்பாதீர்கள்.

ஒருவரின் பாரத்தை வருடக்கணக்கில் மற்றவர்கள் சுமப்பதைப் பார்த்தும் பேசாமல் இருப்பதை இரக்கம் என்று நானும் நினைத்திருந்தேன். சுமந்தவர்களில் மிக நல்லவர் ஒருவர் வேலையை விட்டுப் போனபோதுதான் அது யாருக்குச் செய்த அநியாயம் என்று விளங்கியது.

படி 9: நியாயம் கண்ணுக்குத் தெரிய வேண்டும்

அமெரிக்க உளவியலாளர் ஃபிரெடரிக் ஹெர்ஸ்பர்க் பிட்ஸ்பர்க் பகுதியில் சுமார் 200 பொறியாளர்களிடமும் கணக்காளர்களிடமும் பேசி, 1959-இல் தன் முடிவை வெளியிட்டார். மகிழ்ச்சி தந்த தருணங்களைக் கேட்டால் சாதித்தது, மதிக்கப்பட்டது, வேலையின் சுவை, கிடைத்த பொறுப்பு என்றார்கள். வெறுப்பூட்டியதைக் கேட்டால் நிறுவன விதிகள், மேற்பார்வை, சம்பளம், பணிச்சூழல் என்றார்கள். இந்தப் பிரிவினையைப் பின்னால் பலர் கேள்விக்குள்ளாக்கினார்கள். ஆனாலும் ஒன்றை மனதில் கொள்ளலாம்: சம்பளத்தில் அநியாயம் இருந்தால் பாராட்டால் அதை ஈடுகட்ட முடியாது. சம்பளம் சரியாக இருப்பதால் மட்டும் வேலையில் உயிர் வந்துவிடாது.

இன்க்ரிமெண்ட் உங்கள் கையில் இல்லாமல் இருக்கலாம். நல்ல வேலை யாருக்குப் போகிறது, விடுப்பு யாருக்குக் கிடைக்கிறது, மேலிடத்தில் யார் பெயரைச் சொல்கிறீர்கள் என்பது உங்கள் கையில்தான் இருக்கிறது. ஆறு மாதத்தில் கவனத்தை ஈர்க்கும் வேலைகள் யாருக்குப் போயின என்று ஒருமுறை எழுதிப் பாருங்கள். இரண்டு பெயர்களே திரும்பத் திரும்ப வந்தால், மற்றவர்கள் அதை எப்போதோ கவனித்திருப்பார்கள்.

படி 10: ஒருவர் விலகிப் போகும்போது

நல்லவர்களும் போவார்கள். கடிதம் வந்ததும் கோபப்படாதீர்கள், கெஞ்சவும் வேண்டாம். வேலையை யாரிடம் கொடுப்பது என்ற திட்டத்தை அவரோடு சேர்ந்தே எழுதுங்கள். நோட்டீஸ் பீரியடில் அவரை ஒதுக்கிவைத்தால், இருப்பவர்கள் தங்கள் முறை எப்படி இருக்கும் என்று அதில் பார்த்துக்கொள்வார்கள்.

கடைசி வாரத்தில் ஒரு மணி நேரம் அவரோடு உட்காருங்கள். இப்போது அவருக்கு உங்களிடம் பயமில்லை, எதிர்பார்ப்பும் இல்லை. முதல் மாதம் கேட்டுப் பதில் வராத அந்த நான்காவது கேள்வியை மறுபடி கேளுங்கள்: "இங்கே எல்லாருக்கும் தெரிஞ்சு, என்கிட்ட மட்டும் யாரும் சொல்லாத விஷயம் எது?" விளக்கம் சொல்லாதீர்கள், மறுக்காதீர்கள், எழுதிக்கொள்ளுங்கள். அவர் போன இரண்டு வாரத்துக்குள், யார் சொன்னது என்று காட்டாமல், அதில் ஒன்றைச் சரிசெய்யுங்கள். பிறகு அடுத்த தனிச் சந்திப்பில், இருப்பவர்களிடம் அதே கேள்வியைக் கேளுங்கள்.